ஒரு மணி வைஃபை

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு வீடு. அந்த வீட்டிலே ஒரே ஒரு ரூட்டர். அது கீழே ஹாலில், சமையலறைச் சுவரோரம் இருந்தது. வேலை பார்க்கிற மருமகளோ மாடி ரூமில்.

கேட்கவா வேண்டும்? பாதிப் பேச்சில் திரையில் முகம் நின்றுவிடும். "ஹலோ, கேக்குதா?" என்று அவள் கத்துவது தெருமுனைக்கே கேட்கும், எதிர்முனைக்கு மட்டும் கேட்காது.

இன்னொரு தடவை இப்படி ஆனால் வீட்டிலிருந்து வேலை கிடையாது, ஆபீசுக்கு வந்துவிடு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஆபீஸ் இருப்பது வேறு ஊரில்.

இத்தனை நாள் அவள் தப்பித்ததே மத்தியானத்தால்தான். மணி ஒன்று ஆனால் லைன் பளிச்சென்று ஆகிவிடும். முக்கியமான கஸ்டமர்களையெல்லாம் அந்த நேரத்துக்கே தள்ளி வைத்திருந்தாள். என் ராசியான நேரம் என்று கணவனிடம் பெருமை அடித்துக்கொள்வாள். அவன் தலையை ஆட்டிவிட்டு, ஆறின காபியை மறுபடி மைக்ரோவேவில் வைப்பான். பன்னிரண்டரை மணிக்கு டூட்டிக்குக் கிளம்பும்வரை அவனுக்கு அதுதான் வேலை.

அதே ஒரு மணிக்குக் கீழே ஒரு கூத்து நடக்கும்.

மாமனார் சாப்பிட உட்காருவார். மருமகள் காலையில் போட்டு வைத்த தட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, அப்படியே ஜில்லென்று சாப்பிடுவார். சுட வைத்துக்கொள்ளக் கூடாதா என்று அவள் பலமுறை கேட்டுவிட்டாள். இதுவே நல்லா இருக்கும்மா என்பார்.

ஒருநாள் வீடியோ காலில் இதை நாத்தனார் பார்த்துவிட்டாள். "எங்கப்பாவுக்குச் சூடா ஒரு வாய் கிடைக்காதா அண்ணி?" என்று கேட்டும்விட்டாள்.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கை எட்டுற தூரத்துல மைக்ரோவேவ். ஒரு பட்டனை அமுக்கினா என்னவாம்? உங்கப்பா நாடகமாடி என் பேரைக் கெடுக்கிறாரு" என்று கணவனிடம் பொரிந்தாள்.

அந்தக் கோபத்தோடுதான், மாடிவரை சிக்னல் எட்டட்டும் என்று மெஷ் வைஃபை மாட்ட ஆள் வரவழைத்தாள். மூன்று பெட்டி உள்ளதே நல்லது என்று எங்கோ படித்திருந்தாள். வந்தவர் போனும் கையுமாக வீடு முழுக்க நடந்துவிட்டு, இந்த வீட்டுக்கு ரெண்டே போதும் என்றார். ஹாலில் சமையலறைச் சுவரைவிட்டுத் தள்ளி ஒன்று, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒன்று. ஒன்றுக்கொன்று எட்டுகிற தூரத்தில் இருந்தால் சரி.

மாட்டி முடித்தபோது மணி ஒன்று. மருமகள் மாடிக்குப் போய் ஆபீஸ் தோழிக்கு வைஃபையிலேயே போன் போட்டாள். லைன் கட்டாகிறதா என்று பார்க்க, கீழே மாட்ட வந்தவர் டிவியைப் போட்டார், மிக்சியைப் போட்டார். மைக்ரோவேவ் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

தட்டோடு வந்த மாமனார் குறுக்கே நின்றார். "அதை மட்டும் போடாதீங்க தம்பி."

பேசிக்கொண்டே இறங்கிவந்த மருமகள் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றாள். இதற்கும் ஒரு முட்டுக்கட்டையா என்று கேட்க வாயெடுத்தாள்.

"அது ஓடினா மேல எம் மருமக பேசுறது கட்டாயிடும்" என்றார் மாமனார் தணிந்த குரலில். "ஒருநாள் சுட வெச்சேன். மேல ஹலோ ஹலோன்னு ஒரே கத்தல். நிறுத்தினேன், சரியாயிடுச்சு. அதுலருந்து அவ பேசுற நேரத்துல அதைத் தொடுறதில்ல."

"வீட்ல சொல்லலாமேங்க?"

"மகன்கிட்ட சொன்னேன். காபிக்கும் வைஃபைக்கும் என்னப்பா சம்பந்தம்னு சிரிச்சான். அவகிட்ட சொன்னா, நான் சாப்பிட்டு முடியிறவரைக்கும் வேலையத் தள்ளி வெச்சுட்டு உக்காந்திருப்பா."

மருமகள் மெல்ல இறங்கி வந்தாள். தட்டை வாங்கி மைக்ரோவேவில் வைத்துப் பட்டனை அமுக்கினாள். தட்டு உள்ளே சுற்ற ஆரம்பித்தது.

"கேக்குதா?" என்றாள் போனில்.

"நல்லா கேக்குது. ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் தோழி.

வந்தவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மாமனார் ஒரு வாய் வைத்துவிட்டு, நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சுடுதும்மா. பழக்கம் விட்டுப்போச்சு" என்று சிரித்தபடி, தட்டை ஊதிக்கொண்டே தன் ரூமைப் பார்த்து நடந்தார்.