புதனுக்குப் பிறகு

அறுவை சிகிச்சைக்கு முன், துரைக்கண்ணுவின் பேச்சு மூளையில் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். இரண்டு குழி இட்லித்தட்டைப் போன்ற காந்தத்தை இடது நெற்றிப்பொட்டருகே வைத்தார் டாக்டர். "இது ஓடுறப்ப கொஞ்ச நேரம் பேச்சு வராது. காது கேக்கும், பயப்படாதீங்க. கிழமைகளைச் சொல்லுங்க."

புதன் என்றதும் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

செண்பகவல்லி தொடங்கிய எந்தப் பேச்சையும் இதுவரை கணவர்தான் முடித்திருக்கிறார். பக்கத்தில் நின்றிருந்த அவள் அவர் காதருகே குனிந்தாள். "ஆபரேஷன் முடிஞ்சு நீங்க எழுந்து நடமாடினதும், நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

காந்தத்தின் டிக் டிக் ஓய்ந்தது. "இப்பச் சொல்லுங்க, வியாழன்" என்றார் டாக்டர்.

துரைக்கண்ணு மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் திரும்பி சுவிட்சைப் பார்த்தார். அது அணைந்துதான் இருந்தது.