நடுங்காத குரல்

"இன்னொரு தபா சொல்லும்மா" என்றாள் ஜான்சி.

கெங்கம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "கடல்ல மீட்புப் படகு இருந்திருந்தா, பாரத்து..." அதே இடத்தில் மறுபடியும் குரல் உடைந்தது.

"பேரு வர்லன்னா 'அந்தப் புள்ள'ன்னு சொல்லு. ஆனா நிமிந்து, சத்தமா சொல்லு. மீன்காரிங்க சங்கத்துக்கே தலைவி நீ. நீ நடுங்கினா ஆபீசருங்க செல்போனை நோண்டிக்கினு இருப்பாங்க. நம்ம குப்பத்துக்குப் படகு வராது."

"காலேஜுல இதான் சொல்லிக்குடுத்தாங்களா? கல்நெஞ்சுக்காரி!"

"ஆமா. திரும்பச் சொல்லு."

மறுநாள் அடையாறு மண்டபத்தில் நடந்த மீனவர் குறைகேட்புக் கூட்டத்தில் கெங்கம்மா மைக்கைப் பிடித்தாள். முன்வரிசையில் இருந்த அதிகாரிகளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"கடல்ல மீட்புப் படகு இருந்திருந்தா, அந்தப் புள்ள இன்னிக்கி உசுரோட இருந்திருப்பான்!"

குரலில் ஒரு பிசிறு இல்லை. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. படகுக்கு ஏற்பாடு செய்வதாகப் பெரிய அதிகாரி அங்கேயே அறிவித்தார்.

ஜான்சி மேடைக்கு ஓடினாள். "ஜெயிச்சிட்டம்மா! சூப்பரா பேசின!"

கெங்கம்மா கூட்டத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாதான் பேசிட்டேன் போலகீது. உங்கண்ணன் செத்தான்னு சொன்னதுக்கு, எல்லாரும் கைதட்றாங்கடி."