தம்பி சம்சாரம்

“திருமணம்கூடச் செய்துகொள்ளாமல், இருபத்து மூன்று வயதில் நாட்டுக்கு உயிரைக் கொடுத்தவர்” என்று தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் சொன்னபோது அவள் கைதட்டினாள்.

எல்லோரும் தட்டினார்கள்.

தலைமையாசிரியர் வெளியூர்க்காரர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இறந்தவரின் வீட்டில் சொன்னதைத்தான் அவர் சொன்னார். ஊரின் பெரிய தலைகளுக்கு உண்மை தெரியும். அவர்கள் அவளைப் பார்க்காமல் தட்டினார்கள்.

மேடையில் திரை விலகியது.

விமானப்படைத் தொப்பியோடு பூவராகவன் சிரித்தான். அவன் படித்த பள்ளியின் புது அரங்கத்துக்கு இனி அவன் பெயர்.

கல்யாணமான மறுவாரம் விருத்தாசலத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. இடது தோளை ஒட்டி வெட்டியிருந்தார்கள்.

அங்கே அவள் நின்றிருந்தாள்.

எழுபத்தொன்று ஆவணியில் கல்யாணம். கார்த்திகையில் போர்.

வடக்கே, பெயர்கூட அவள் வாயில் நுழையாத ஊர். இரவில் வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஜன்னல் கண்ணாடிகளில் அவன் கறுப்புக் காகிதம் ஒட்டினான். பசை அவள் மூக்கில் பட்டதற்குச் சிரித்தான். குண்டுவீச்சு விமானத்தில் வழி சொல்கிற வேலை அவனுக்கு. காய்கறிக் கடைக்குப் போனால் திரும்பி வர வழி தெரியாமல் நிற்பவன்.

எதிரியின் ஓடுதளத்தின் மேல் குண்டு போடப் போனார்கள். நான்கு விமானங்கள் போயின. மூன்று வந்தன.

சாம்பல்கூட வரவில்லை.

வருஷம் திரும்பியதும் மாமியார் ஆண்டாளம்மாள் அவளுடைய பிறந்த வீட்டுக்கு வந்தாள். “சின்னவனுக்கே கட்டி வச்சிடறேன். பெரியவனோட நடந்ததை யாரும் வாயெடுத்துப் பேசக்கூடாது. நாளைக்குப் பிள்ளைங்க பொறந்தா அதுங்களுக்கு நல்லதில்ல.”

அவளுடைய அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

அவளை யாரும் கேட்கவில்லை.

சின்னவன் ரங்கநாதன் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் அவன் எதிரில் அழுதிருக்கலாம்.

இப்போது அவன் மேடையில் அம்மாவைத் தாங்கிப் பிடித்திருந்தான். ஆண்டாளம்மாள் படத்தைத் தடவினாள்.

“மாலையும் கழுத்துமா உன்னைப் பார்க்க விடாமலே போயிட்டியேடா” என்று அழுதாள்.

ஒலிபெருக்கி அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது.

பக்கத்து நாற்காலியில் கோயம்புத்தூர்ச் சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சென்ற தையில்தான் அவள் தன் மகளை அந்தம்மாவின் வீட்டில் கொடுத்திருந்தாள்.

கூட்டம் கலைந்து சாப்பாட்டுக்கு எழுந்தபோது வெள்ளை மீசைக்காரர் ஒருவர் நாற்காலிகளுக்கு நடுவே வந்தார். கோட்டில் பதக்கங்கள். அவளுக்கு நேராக வந்து நின்றார்.

“என்னத் தெரியலையா தங்கச்சி? ஜெபநேசன். பக்கத்து குவார்ட்டர்ஸ்.”

தெரிந்தது.

எலுமிச்சைச் சாதம் கேட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றவர். அன்று திரும்பிய மூன்றில் ஒன்றில் இருந்தவர். அந்த வாரமே அவரை வேறு தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எரிந்ததா, விழுந்ததா, அவன் ஏதாவது சொன்னானா? இத்தனை வருஷம் அவள் கேட்க நினைத்த ஒரே ஆள்.

சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தாள்.

“ஆள் மாறிப் பேசறீங்க” என்றாள் அவள். “நான் அவரோட தம்பி சம்சாரம்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். மேடையில் இருந்த படத்தை, அதன் வெட்டிய ஓரத்தைப் பார்த்தார்.

“மன்னிக்கணும்மா” என்றார். “எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணுன்னு நினைச்சுட்டேன். அந்தப் பொண்ணுக்குச் சொல்ல வேண்டிய சேதி ஒண்ணு இருந்துச்சு.”

கொஞ்சம் நின்றார்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் கைகூப்பிவிட்டு வாசலுக்கு நடந்தார். சாப்பிடச் சொல்லிப் பின்னாலேயே ஓடினார்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கார்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“யாரைத் தேடறாராம்?” என்றாள் சம்பந்தியம்மா.

“தெரியலைங்க.”

ரங்கநாதன் மேடையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தான். கார் போன பிறகுதான் அவளிடம் வந்தான். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே மெல்லச் சொன்னான்.

“நீ யாருன்னு அவர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் பந்தி நடக்கும் பக்கம் போய்விட்டான்.

ஆண்டாளம்மாள் தண்ணீர் கேட்டாள். அவள் டம்ளரைக் கொண்டுபோய்க் கிழவியின் வாயில் வைத்தாள். இரண்டு மிடறு இறங்கியது. கிழவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வர வரக் கிழவிக்கு ஆள் அடையாளம் தவறிக்கொண்டிருந்தது.

“பெரியவனுக்கு ஒரு பொண்ணு பாத்து வச்சிருந்தேன்” என்றாள் ரகசியம் போல. “நல்ல பொண்ணு. பாவம், இப்ப எங்க இருக்காளோ.”

“குடிங்க அத்தை” என்றாள் அவள்.