பொட்டலில் ஒரு நிறுத்தம்

நகரத்தின் அடுத்த முப்பதாண்டுப் பேருந்துத் தடங்களை முடிவுசெய்யும் கூட்டத்துக்கு டவுன்பஸ் டிரைவர் மாசானத்தையும் மாநகராட்சி ஆணையர் அழைத்திருந்தார். அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி ஓட்டினார். அவர் சொன்ன வழியெல்லாம் பொறியாளர் வைதேகி பென்சிலால் கோடு இழுத்தாள். ஊர் எல்லை தாண்டியதும் மாசானம் ஓங்கி பிரேக் போட்டார். அறையிலிருந்த அத்தனை பேரும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தார்கள்.

“அங்க வெறும் பொட்டல்தான அண்ணாச்சி?” என்றாள் வைதேகி.

“இப்பதான் மேடம் பொட்டல். முப்பது வருசத் திட்டம்னுதான சொன்னிய? ஆளு ஏறுதாங்க, பொறுங்க.”

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. வைதேகி அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டாள். பிறகு உதட்டைக் குவித்து இரண்டு விசில் கொடுத்தாள். வண்டி கிளம்பியது. நின்றுகொண்டிருந்த ஆணையரின் கை, தானாக உயர்ந்து கம்பியைத் தேடியது.