கயிறு பிடித்த கை

"எங்க வீட்டுக்காரரக் குடிகாரரா எழுதிருங்க அண்ணாச்சி" என்றாள் இன்பமணி.

ஃபிராங்க்ளினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காபி டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

முதன்முதலில் கதை கேட்டு வந்த அன்றைக்கு, "மாதா மேல சத்தியமாச் சொல்லுதேன், அவரு ஒரு சொட்டு தொட்டது கெடையாது" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தவளும் இதே இன்பமணிதான்.

ஃபிராங்க்ளினுக்குத் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. அந்த வேலை போக மிச்ச நேரமெல்லாம் நாவல். இன்பமணியின் புருஷன் ரெமிஜியுஸ் சங்கு குளிக்கப் போய், கடலுக்கடியிலேயே செத்துப்போன கதை. ஊரே அழுதுகொண்டு படிக்கும் என்று மனுஷன் மனக்கோட்டை கட்டியிருந்தார்.

சென்னையில் பதிப்பகத்துக்காரர் ஒரே போனில் அதை இடித்துத் தள்ளிவிட்டார்.

"கதாநாயகன் நோஞ்சானா இருக்கான் சார். தொழில் தெரிஞ்ச ஆளு. மூச்சு முட்டினா கயித்த அசைச்சிருப்பானே, ஏன் அசைக்கல? 'கடல் எடுத்துக்கொண்டது'ன்னு எழுதிட்டா ஆச்சா? கடைசி அத்தியாயத்தத் தூக்கி முதல்ல வைங்க. படகுல பேருகூட இல்லாம கயிறு பிடிச்சிட்டு நிக்கறானே ஒருத்தன், அவன்தான் உங்க நாயகன். அவன வலுவா எழுதுங்க."

மூன்று நாள் சோறு இறங்கவில்லை ஃபிராங்க்ளினுக்கு. அப்புறம் யோசித்துப் பார்த்தால், அந்த ஆள் சொன்னது சரிதான்.

சங்கு குளிக்கிறவன் தன் இடுப்புக் கயிற்றைக் கண்டவனிடம் கொடுக்க மாட்டான். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனிடம்தான் கொடுப்பான். அக்கா தாலி அறுவதற்கு எந்தத் தம்பி சம்மதிப்பான்? அந்த நம்பிக்கைதான். கீழேயிருந்து கயிறு அசைந்தால் மேலே இழுக்க வேண்டும். அதுதான் வேலை.

ரெமிஜியுஸுக்குக் கயிறு பிடித்தவன் இன்பமணியின் தம்பி பெவின். கயிறு அசையவே இல்லை என்றுதான் அன்றைக்கு ஊருக்குச் சொன்னார்கள். அதற்கப்புறம் பெவின் படகில் கால் வைக்கவில்லை. உப்பு லாரி ஓட்டுகிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான். அக்காவும் அக்கா வீடும்தான் அவனுக்கு எல்லாம்.

இதோ இப்போதும் முற்றத்தில் உட்கார்ந்து அக்கா வீட்டுத் தண்ணி மோட்டாரைக் கழற்றிப் போட்டிருக்கிறான். "மொத அத்தியாயமே கயிறு பிடிக்கிற மச்சான் கையில ஆரம்பிக்கும்ளா" என்று ஃபிராங்க்ளின் அவன் அக்காவிடம் பெருமையாகச் சொன்னபோது, ஸ்பானர் சத்தம் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் இன்பமணி அந்தக் குடிகாரப் பேச்சை எடுத்தாள்.

"குடிச்சிட்டுக் கடலுக்குப் போனாரு, கீழ போயி மயங்கிட்டாரு, அதான் கயித்த அசைக்க முடியலன்னு எழுதுங்க. உங்களுக்கும் காரணம் வேணும்லா" என்றாள்.

ஃபிராங்க்ளினுக்குச் சுர்ரென்று வந்தது.

"ஏளா, ஒந்தம்பியக் காப்பாத்த தாலி கட்டுனவன் பேரக் கெடுக்கியா? செத்தவன் எந்திரிச்சு வந்து கேக்கவா போறான்னுதான?"

இன்பமணி சுவரில் ரெமிஜியுஸ் படத்துக்குக் கீழே எரிகிற சிவப்பு பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படியும் ஒரு பொம்பளையா என்று கசந்துபோய் ஃபிராங்க்ளின் செருப்பை மாட்டினார். வாசலில் பெவின் வழிமறித்து நின்றான். கையெல்லாம் கிரீஸ்.

"அக்கா சொன்னத எழுதிராதீங்க அண்ணாச்சி. மச்சான் குடிக்க மாட்டாவ."

"பெறவு என்னலே நடந்துச்சு அன்னைக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தூங்கிட்டேன். கயிறு அசஞ்சிருக்கும். நாந்தான் தூங்கிட்டேன். அப்படியே எழுதுங்க. எம் பேரையும் போட்டே எழுதுங்க."

சும்மா சொல்லக் கூடாது, அந்த நேரத்திலும் ஃபிராங்க்ளின் மனசு ஒரு துள்ளு துள்ளியது. நாயகன் கிடைத்துவிட்டான். தப்பு செய்தவன், ஒத்துக்கொள்கிறவன், காலமெல்லாம் அதைச் சுமக்கிறவன். பதிப்பகத்துக்காரர் கேட்ட வலு இதுதான். ஒருத்தன் வாழ்க்கை நாசமாய்ப் போனதில் தனக்கு இவ்வளவு சந்தோஷமா என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

"ஊரு காறித் துப்பும்லே."

"துப்பட்டும் அண்ணாச்சி. துப்ப வேண்டியதுதான."

ஃபிராங்க்ளின் அவன் தோளில் கை வைத்தார். பைக் சாவியை எடுத்தார்.

"நில்லுங்க அண்ணாச்சி."

இன்பமணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவன் தூங்கல."

"யக்கா, உள்ள போ" என்றான் பெவின்.

"போதும்லே. எத்தன வருசந்தான் நீயே சொமப்ப?"

"யக்கா, சொன்னாக் கேளு."

அவள் கேட்கவில்லை. ஃபிராங்க்ளினைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"போன் பேசிக்கிட்டிருந்தான். கேஸ் தீந்துபோச்சு, கரையேறுனதும் சிலிண்டருக்குச் சொல்லுன்னு நாந்தான் போட்டேன். 'வையிக்கா, மச்சான் கீழ இருக்காவ'ன்னு திருப்பித் திருப்பிச் சொன்னான். நாந்தான் வைக்க விடல."