ஆமையின் ஓடு

வற்றிப்போன குளத்தைத் தூர்வாரித் தரும்படி கேட்பதற்காக, ஆமை மூன்று நாள் நடந்து யானையின் தேர்தல் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது. வாசலில் காவலுக்கு நின்ற நாய் மறித்தது.

"மூட்டைக்கெல்லாம் அனுமதி இல்லை. முதுகுல இருக்கிற ஓட்டைக் கழற்றி வெச்சிட்டுப் போ."

"கழற்ற வராதுங்க. கூடவே பிறந்தது."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க," என்ற நாய் ஓட்டை முகர்ந்தது, தட்டியது, ஆமையை மல்லாக்கப் புரட்டியும் பார்த்தது. தலையை நீட்டச் சொன்னது. நீட்டியதும், எதற்கு நீட்டினாய் என்று அதட்டியது. ஆமைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கேட்க வந்தது மறந்துவிடக் கூடாதே என்று அதையே முணுமுணுத்துக்கொண்டு கிடந்தது.

ஒருவழியாக நாய் அதை நிமிர்த்திவிட்டபோது உள்ளே கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்தார்கள். யானையே வாசலுக்கு வந்துவிட்டது.

"பேச்சு எப்படிண்ணே இருந்தது?" என்று ஆமையிடம் கேட்டது.

"உள்ளேயே விடலைங்க. எங்க குளத்தை..."

"அதைத்தானே ரெண்டு மணி நேரம் பேசினேன். உங்க ஓட்டை மட்டும் மறக்காம எனக்கே போட்டுடுங்க."

ஆமை நாயை ஒரு பார்வை பார்த்தது.

"அது கழற்ற வராதுன்னு இவர்கிட்ட அப்பவே சொல்லிட்டேங்க," என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தது.