மேல் அடுக்கு, வலது ஓரம்

"உள்ள என்ன இருக்குதுன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. வெளிய ஒருத்தருக்கும் தெரியாதுங்க."

சாப்பிடக்கூட எழாமல், காலையில் இருமிக்கொண்டே வந்த ஒரு தாத்தாவின் ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் ஜெனிட்டா, திரும்பாமலே சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"அட, அது இல்லீங்க." குழந்தைவேல் சிரித்தபடி மஞ்சள் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். பிள்ளைகள் அடித்துப் பிடித்து வாங்கும் கிரிக்கெட் கார்டு பெட்டி. உள்ளே அடுக்கடுக்காகப் பாக்கெட்டுகள். அதில் ஏதோ ஒன்றில் மட்டும் தங்கக் கார்டு இருக்கும். அந்த ஒன்றை விற்றாலே இந்த மாதிரிப் பத்துப் பெட்டி வாங்கலாம்.

குழந்தைவேல் நாமக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கார்டும் பொம்மையும் விற்கிறவன். அதோடு இந்த ஸ்கேன் சென்டர் முதலாளி அன்பழகனின் மச்சினன். அந்த உறவுதான் அவனை மதியச் சாப்பாட்டு வேளையில் ஸ்கேன் அறை வரைக்கும் கூட்டி வந்திருந்தது.

"தங்கக் கார்டு எந்தப் பாக்கெட்டுலன்னு தெரிஞ்சா அதை மட்டும் உருவிக்குவேனுங்க. மீதியெல்லாம் சீல் ஒடையாமக் கெடக்கும். கடைக்கு வர்ற பசங்க வாங்கிக்குவாங்க."

"அந்தப் பசங்களை ஏமாத்துற வேலை சார் இது."

"அதான் சீல் ஒடையலைங்களே. அப்புறம் என்னங்க ஏமாத்து?"

இந்தக் கூத்து பல ஊரிலும் நடக்கிறது போலிருக்கிறது. கார்டு கம்பெனிக்காரர்கள் போன வாரம்தான், பெட்டியைக் கொண்டுவந்தால் ஸ்கேன் எடுக்காதீர்கள் என்று எல்லா சென்டருக்கும் நோட்டீஸ் அனுப்பியிருந்தார்கள். எடுத்தால் மெஷினில் பதிவாகிவிடும். மாட்டினால் போவது ஜெனிட்டாவின் லைசென்ஸ், முதலாளியுடையது இல்லை. மாட்டேன் என்றாலோ வேலையே போய்விடும். சேலத்தில் அவள் புருஷன் ஜெரால்ட் லாரியில் அடிபட்டுக் கால் ஒடிந்து கட்டிலில் கிடக்கிறான். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

"முடியாதுன்னா எங்க மச்சான்கிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க." அவன் போனை நீட்டினான். வரும்போதே ஷட்டரையும் பாதி இறக்கிவிட்டு வந்திருந்தான், படுபாவி.

ஜெனிட்டா போனை வாங்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"வெளியில நில்லுங்க. கதவைத் திறக்கக் கூடாது."

அந்தக் கதவு விஷயத்தில் அவள் பொல்லாதவள். ஸ்கேன் கதிர் பாயும்போது ஒரு முறை முதலாளியே தெரியாமல் திறந்துவிட்டார். முதலாளி என்றும் பார்க்காமல் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

பெட்டி படுக்கையில் ஏறியது. மூச்சை அடக்கு என்று அதற்குச் சொல்லவா முடியும்? படுக்கை உறுமிக்கொண்டு வளையத்துக்குள் போயிற்று, வந்தது, மறுபடியும் போயிற்று. குழந்தைவேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதியிலேயே கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

ஜெனிட்டா அவனை ஒரு பார்வை பார்த்தாள். "வாங்க, முடிஞ்சிருச்சு" என்றாள்.

கம்ப்யூட்டர் திரையில் கறுப்பும் வெளுப்புமாகக் கோடு கோடாக ஏதோ தெரிந்தது. எல்லாம் விளங்கியவன் போலக் குழந்தைவேல் தலையை ஆட்டினான்.

"மேல் அடுக்கு, வலது ஓரம்" என்றாள் ஜெனிட்டா.

வீட்டுக்குப் போய்ப் பிரிப்பான் என்று அவள் நினைத்திருந்தாள். அவனோ நின்ற இடத்திலேயே பெட்டியைத் திறந்து, அந்தப் பாக்கெட்டை உருவிப் பல்லால் கடித்துப் பிரித்தான். கார்டுகள் ஒவ்வொன்றாக மேசையில் விழுந்தன. கடைசிக் கார்டு டியூப்லைட் வெளிச்சத்தில் தகதகவென்று மின்னியது.

ஜெனிட்டா நம்பாமல் குனிந்து அதைப் பார்த்தாள்.

அவன் அதற்குள் போன் போட்டுவிட்டான். "மச்சான், பொட்டு வச்சாப்புல சொல்லிப்போட்டாங்க. ஆமாங்க, ஒரே சொல்லுதானுங்க." பேசி முடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "இனி தெனமும் மத்தியானம் மெஷினு நமக்குத்தானுங்களாம். நாளைக்கு ஒரு வேன் நெறையப் பெட்டி வருது, ஜலகண்டாபுரம், தம்மம்பட்டிக் கடைக்காரங்களுதும் சேத்து. ஒண்ணுகூடத் தப்பாப் போயிரக் கூடாதுங்க. போச்சுன்னா மச்சான் உங்களைத்தான் கேப்பாரு."

ஜெனிட்டா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எப்படியாவது இதோடு முடியட்டும் என்று இருந்தது. உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"அண்ணா, நான் ஸ்கேனே எடுக்கலை. படுக்கையை மட்டும்தான் ஓட்டிக் காட்டினேன். எடுத்திருந்தா, கதவைத் திறந்ததுக்கு உங்களைச் சும்மா விட்டிருப்பேனா? வாய்க்கு வந்த இடத்தைச் சொன்னேன். வெறும் பாக்கெட்டா இருந்தா, மெஷின்ல கார்டு தெரியாது போலன்னு விட்டுருவீங்கன்னு நினைச்சேன்."

"அப்ப கம்ப்யூட்டருல காட்டுனது?"

"அது காலையில இருமிக்கிட்டு வந்தாரே ஒரு தாத்தா, அவரோட நெஞ்சுக்கூடு."

குழந்தைவேல் திரையைப் பார்த்தான். கையிலிருந்த தங்கக் கார்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அப்ப நாளைக்கும் அந்தத் தாத்தா நெஞ்சையே பாத்துச் சொல்லுங்க, சாமி."